கோப்பைக்காரி கோச்சி ஏறினாளா?

உலகத்தின் நாலு மூலையிலும் படம் எடுத்த எத்தனையோ பெரிய மனிதர்கள், திருகோணமலை உள்துறைமுக வீதியில் ஒருவர் தங்களுக்கு மார்க்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாமலே செத்துப்போனார்கள். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவர் போட்டார். கூட்டினார், குறைத்தார். மூன்றாம் இடத்தில் இருந்த ஒரு படத்தை ஏழாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, அந்தக் கவலையில் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். இப்படி ஒருவர் இருப்பது தெரிந்திருந்தால் அந்தப் பெரிய மனிதர்களும் கொஞ்சம் கவனமாகப் படம் எடுத்திருப்பார்கள்.

ஊரில் அவருக்குப் பெயர் பத்துப்படத்தார். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. போன வருஷம் அவருடைய மரண அறிவித்தலில் அதைப் போட்டு வீதியில் ஒட்டினபோது, "இதார் இந்தாள், எந்த ஊர்?" என்று சனம் கேட்டுவிட்டுத் தன் பாட்டில் போனது. பிறகு நான் பேனாவால் பக்கத்தில் 'பத்துப்படம்' என்று எழுதினேன். அதன்பிறகுதான் செத்த வீட்டுக்கு ஆள் வந்தது. ஒரு மனிதனை ஊர் எவ்வளவு மதித்தது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

பத்துப் படங்கள். பத்தும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டுப் படங்கள். அதற்கு முன்னால் வந்ததும் பின்னால் வந்ததும் அவருக்குப் படமே இல்லை. காரணம் மிகவும் எளிது. அந்த ஒரு வருஷம்தான் அவர் லோஞ்சில் வேலை செய்தார்.

அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் துறைமுகத்துக்கு நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பல் ஏஜென்ற் கந்தோரின் மோட்டார்ப் படகான லோஞ்சுதான் அவற்றுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம், கடிதம், டொக்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும். கூடவே படப்பெட்டியும் போகும். மாதக்கணக்கில் கடலில் கிடக்கிற மாலுமிகளுக்குப் பொழுது போகவேண்டுமே. கப்பலில் சின்ன மெஷின் ஒன்றை வைத்துப் படம் ஓட்டுவார்கள். ஒரு கப்பல் பார்த்து அலுத்த படத்தை அடுத்த கப்பலுக்குக் கொடுத்துவிட்டு, அதனுடையதை வாங்கிக்கொள்ளும். இந்தப் பண்டமாற்றுக்குத் தூது போனவர்கள் இரண்டு பேர். இருபது வயதுப் பத்துப்படத்தார் ஒருவர். இன்ஜின் பார்த்த கிண்ணியா ஹனீபா மற்றவர்.

பெட்டி கொண்டுபோனால் மாலுமிகள் இருத்தி வைத்துப் படம் காட்டுவார்கள். பட்டப்பகலில், சாப்பாட்டு அறையின் வட்ட ஜன்னல்களைக் கம்பளியால் மூடிவிட்டு ஓடும் படம். பெயர் தெரியாது. பாஷை தெரியாது. நாடும் தெரியாது, ஏனென்றால் கப்பலின் கொடி ஒரு நாடு, கப்டன் ஒரு நாடு, குசினியில் சமைக்கிறவன் ஒரு நாடு, படம் எந்த நாடோ. ஆகவே பத்துப்படத்தாரே எல்லாப் படத்துக்கும் பெயர் வைத்தார். 'டொக்டர்ட தங்கச்சி', 'பனிக்குள்ள மாடு தேடினவன்', 'கிணறு வெட்டினவை', 'சவப்பெட்டி செய்யிறவன்ர கலியாணம்.' கதையையும் அவரே விளங்கிக்கொண்டார். அதை எடுத்தவர்களே கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

"அண்ணை, இதெல்லாம் அறுபத்தாறில எடுத்த படம்தான் எண்டு என்ன நிச்சயம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் பாத்த வருஷம்தான் தம்பி படத்தின்ர வருஷம். நான் பாக்க முதல் அது பெட்டிக்குள்ள கிடந்த சாமான்."



நான் இந்த வீதியில் ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், விண்ணப்பம் நிரப்புதல். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பத்துப்படத்தார் வருவார். கையில் அந்த வாரத்துப் பட்டியல், முத்து முத்தான எழுத்தில். பத்துப் படத்துக்குப் பத்துக் கொப்பி. மீன் சந்தைச் சுவரில் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று, பேக்கரிக் கண்ணாடியில் ஒன்று என்று தானே பசை பூசி ஒட்டுவார். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துப் பலகையில் ஒட்டினதை மட்டும் பியோன் கிழிப்பான். "அவனுக்கு 'டொக்டர்ட தங்கச்சி' கீழ போனதில கோவம்" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

என் மெஷினில் ஒரு நோய் உண்டு. எதைக் கொப்பி எடுத்தாலும் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக்கோடு விழும். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் விழும், காணி உறுதியில் விழும், கல்யாண அழைப்பிதழிலும் விழும். சனம் என்னைத் திட்டும். பத்துப்படத்தார் திட்டவில்லை. "கோடு போட்ட கொப்பி மாதிரி வடிவா இருக்கு" என்பார்.

பட்டியலுக்கு ஊரில் ஒரு எதிர்க்கட்சியும் இருந்தது. அது முழுவதும் ஹனீபா நானாதான். அவரும் அதே படங்களை அதே கம்பளி இருட்டில் பார்த்தவர். பாலம் வராத காலத்தில், கிண்ணியாவுக்குப் போகிற பெரிப் படகில் யாராவது ஒருவர் கையில் பட்டியல் போகும். மறுநாள் மீன்காரர் ஒருவரின் கூடையில் திருத்தத்தோடு திரும்பி வரும், சூடை மீன் நாற்றத்தோடு. பாலம் வந்த பிறகு நானாவே பஸ் ஏறி வந்து என் கடை வாசலில் நின்று சண்டை பிடிப்பார்.

"மச்சான், கிணறு வெட்டினவைக்குத்தான் ரெண்டாமிடம். உன்ட சவப்பெட்டிய கீழ இறக்கு."

"சவப்பெட்டியை இறக்கேலாது."

"முதல்ல அது சவப்பெட்டியே இல்ல. அவன் செஞ்சது அலுமாரி!"

"அலுமாரிக்குள்ள ஆரடா படுத்துப் பாக்கிறது? அவன் படுத்துப் பாத்தவன் எல்லோ?"

"உசரம் சரியா எண்டு பாத்திருப்பான்."

"அலுமாரியின்ர உயரத்தைப் படுத்தோ பாக்கிறது? நீ இன்ஜினுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு படம் பாத்தனி. போ!"

கொப்பி எடுக்க வந்த சனம் விண்ணப்பத்தை மறந்துவிட்டு நிற்கும்.

இந்தப் பத்துப் படங்கள் அந்த மனிதருக்குக் கொடுத்தது என்ன என்று கேட்டால், பறித்ததைச் சொல்வது சுலபம். கப்பல்துறை என்ற ஊரில் அவருக்கு ஒரு பொம்பிளை பார்த்தார்கள். போய் இருந்து, பலகாரம் தின்று, தேத்தண்ணி குடித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. "பிள்ளையைப் பிடிச்சிருக்கோ?" என்று தகப்பன் கேட்டாராம். இவர் மனதாரச் சந்தோஷத்தோடு, "ஓம் ஐயா. நாலாவது படத்தில வாற டொக்டர்ட தங்கச்சி மாதிரியே இருக்கிறா" என்றாராம்.

உள்ளேயிருந்து ஒரு குரல்: "நாலாவதோ?"

அதோடு கல்யாணப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அவருக்கு யாரும் பொம்பிளை பார்க்கவில்லை. "பிழை என்னிலதான் தம்பி" என்று எனக்குச் சொன்னார். "அந்த மாதம் அதை மூண்டாமிடத்தில வைக்கத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். வைச்சிருந்தால் இண்டைக்குப் பேரப்பிள்ளையள்."

இனி முதலாம் இடம். பட்டியலில் மற்ற ஒன்பதும் ஏறும், இறங்கும். முதலாம் இடம் மட்டும் ஐம்பத்தைந்து வருஷமும் அசையவில்லை. 'கோப்பைக்காரி.'

ஒரு சின்ன ரயில் ஸ்டேஷன், எங்கள் பாஷையில் கோச்சி ஸ்டேஷன். அதில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே கோப்பை கழுவுகிற ஒரு பெண். படம் முழுக்க அவள் வாய் திறப்பதில்லை. வருகிறவர்கள் குடிக்கிறார்கள், கோச்சி ஏறிப் போகிறார்கள். அவள் கோப்பையைக் கழுவுகிறாள். ஆயிரம் கோச்சி பார்த்தவள், ஒன்றிலும் ஏறினதில்லை. ஒருநாள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவுகிறாள். ஒரு சின்னப் பெட்டியைத் தூக்குகிறாள். மேடையில் வந்து நிற்கிறாள். கோச்சி வந்து, ஒரு கதவு சரியாக அவளுக்கு முன்னால் நிற்கிறது. இடது காலைத் தூக்குகிறாள்.

அவ்வளவுதான். அதோடு முதல் பெட்டியிலிருந்த சுருள்கள் முடிந்துவிட்டன. கடைசிச் சுருள் இரண்டாவது பெட்டியில். இரண்டாவது பெட்டியைக் காணவில்லை.

அது வெங்காயச் சாக்குகளோடு வேறொரு கப்பலுக்குப் போயிருந்தது. ஹனீபா லோஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து, "கப்பல் பெய்த்து" என்றார், போய்விட்டதாம். மாலுமிகள் கத்தினார்கள், கப்டன் கரைக்குக் கடிதம் எழுதினான், ஏஜென்ற் கந்தோரில் விசாரணை வைத்தார்கள். "பெட்டியை மாத்திக் குடுத்தது ஆர்?" என்று கேட்டபோது பத்துப்படத்தார் யோசித்துப் பார்த்தார். அந்தக் காலை முழுக்க அவர் தலைக்குள் 'பனிக்குள்ள மாடு தேடினவன்' ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பெட்டியை எங்கே வைத்தார் என்பது நினைவில்லை. "நான்தான் குடுத்திருக்கவேணும்" என்றார். அன்றைக்கே வேலை போய்விட்டது. அதன்பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையில் பென்சன் வயது வரை அரிசிதான் நிறுத்தார்.

அரிசி நிறுக்கும்போதும் ஒரே கேள்விதான். அவள் ஏறினவளோ?

ஊருக்கு இது அருமையான விளையாட்டு. "அண்ணை, ஏறிட்டாளோ?" என்று சைக்கிளில் போகிறவன் கேட்பான். "கால் உளையாதோ அவளுக்கு? ஐம்பது வருஷமா ஒத்தைக்காலில நிக்கிறாள்" என்பான் மீன் வெட்டுகிறவன். அவர் கோபிப்பதில்லை. யாராவது உண்மையாகவே கேட்கிறார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் எங்களுக்கு இன்னும் சிரிப்பு.

ஒரேயொரு தடவை உண்மையாகக் கேட்டார்கள். சண்டைக் காலத்தில் நாங்கள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்தபோது. கரண்ட் இல்லை, செய்தி இல்லை, செய்வதற்கும் ஒன்றும் இல்லை. பின்னேரங்களில் பத்துப்படத்தார் படம் சொல்லுவார். ஒரு நாளைக்கு ஒரு படம். பத்தாம் நாள் முதலாமிடம். வகுப்பறை நிரம்பிச் சனம் இருந்தது. இடது காலைத் தூக்கினாள் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். "பிறகு?" என்றது சனம். "பிறகு எனக்குத் தெரியாது" என்றார். முடிவில்லாத படத்தை ஏன் சொன்னனீர் என்று அடிக்காத குறை.

மறுநாள் காலமை ஒரு அம்மா அவரிடம் வந்தாள். மூன்று மாதமாக மகனைக் காணவில்லை அவளுக்கு. "தம்பி, அவள் ஏறினவள் எண்டு சொல்லு. சும்மா எண்டாலும் சொல்லு."

பத்துப்படத்தார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "தெரியாததைச் சொல்லேலாது அக்கா" என்றார்.

நான் பக்கத்தில் நின்றனான். ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்று அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. அப்படி நினைத்த நான்தான் பிறகு என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தானே வேண்டும்.

கடை தொடங்கிக் கொஞ்சக் காலம். மழைநாள். ஆளில்லாத கடையில் இருந்து அலுத்துப்போய் ஒரு கடிதம் அடித்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டுப் படக்கழகம் எழுதுவதுபோல. 'தாங்கள் குறிப்பிட்ட படத்தைத் தேடிக் கண்டோம். அந்தப் பெண் ரயிலில் ஏறிவிட்டாள் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்.' இணையத்தில் ஒரு இலச்சினையை எடுத்து மேலே போட்டு, கொப்பி எடுத்து, உறையில் வைத்து அவர் வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் சிரிக்கலாம் என்று கணக்கு.

அவர் தொதல் இனிப்பு வாங்கிக்கொண்டு வீதி முழுக்க நடந்தார். மீன் வெட்டுகிறவனுக்கும் கொடுத்தார், கச்சேரிப் பியோனுக்கும் கொடுத்தார். "ஏறிட்டாள். ஏறிட்டாள்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த அகதி முகாம் அம்மாவைத் தேடிப் போனாராம். அவள் செத்து வருஷக்கணக்காகிவிட்டது என்று வீட்டார் சொன்னார்களாம். அவள் மகளின் கையில் தொதலைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

என் கடைக்குக் கடைசியாக வந்தார். எனக்கு ஒரு பெரிய துண்டு. கடிதத்தை மேசையில் விரித்தார், பெருமையோடு எனக்குக் காட்டத்தான். நானும் தலையைக் குனிந்து வாசிப்பதுபோல் நின்றேன். அவர் விரல் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் போனது. திரும்ப மேலே வந்தது.

"வெளிநாட்டிலயும் உம்மட மெஷின்தான் வைச்சிருக்கினமோ, தம்பி?"

 அவர் தந்த தொதல் என் வாயில் இருந்தது.

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டன்" என்றார். "இனி ஒவ்வொரு வீடாப் போய் இல்லை எண்டு சொல்லவேணும்." போய்ச் சொன்னார். அதுதான் அந்த மனிதர். கொடுத்த ஒவ்வொரு வாசலிலும் திரும்ப நின்று, "மன்னிக்கவேணும், அது பொய், அவள் ஏறினவளோ தெரியாது" என்று சொல்லி முடிக்க மூன்று நாள் சென்றது. யார் செய்த பொய் என்று ஒரு வாசலிலும் சொல்லவில்லை.

ஆறு வெள்ளிக்கிழமை அவர் என் கடைக்கு வரவில்லை. ஏழாவது வெள்ளி பத்து மணிக்கு வந்து பட்டியலை நீட்டினார். "மற்றக் கடையில கோடு விழுகுதில்லை. சனம் இது என்ர பட்டியல்தானோ எண்டு சந்தேகப்படுது" என்றார். நான் கொப்பி எடுத்தேன். அவர் வெளியே வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு நான் உண்மையாகவே தேடினேன். கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் இணையத்தில் 'கோப்பை, பெண், ரயில்' என்று போட்டுப் பார்ப்பேன். கோப்பை விற்கிறவர்களும் ரயில் ரிக்கெற் விற்கிறவர்களும்தான் வந்தார்கள். பெயரில்லாத, நாடில்லாத, பாஷையில்லாத படத்தை எந்த மெஷின் கண்டுபிடிக்கும்?

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலமை ஹனீபா நானாவின் மகள் எனக்குப் போன் எடுத்தாள். "வாப்பாக்கு உடம்புக்கு ஏலாது. பத்துப்பட மாமாவக் கூட்டிட்டு வரட்டாம். என்னவோ மாப்புக் கேக்கணுமாம்."

த்ரீவீலில் பாலத்தைத் தாண்டிப் போனோம். நானா கட்டிலில் பாதியாகக் கிடந்தார். மகள் எங்களுக்குக் கதிரை போட்டு, பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். நானா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மச்சான், அந்தப் பெட்டிய மாத்திக் குடுத்தது நான். வெங்காயச் சாக்கோட சேத்து நான்தான் தூக்கிக் குடுத்த. எனக்கு அப்பத்தான் புள்ள பொறந்திருந்திச்சி. வேல போனா என்ன செய்ற எண்டு பயந்து வாய மூடிட்டன்."

பத்துப்படத்தார் கோப்பையைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

"இன்னும் ஒண்டு. கப்பல் பெய்த்து எண்டு சொன்னதும் பொய். நான் போகக்குள்ள கப்பல் நிண்டது. ஏறிப் போனன். அவனுகள் நம்மட பெட்டியத் திறந்து, அந்தக் கடைசி ரீலப் போட்டுப் பாத்திட்டு இருந்தானுகள். கதவடியில நிண்டு நானும் பாத்த. பிறகு நங்கூரம் தூக்கிறான் எண்டு பெட்டியத் தராம என்ன இறக்கி விட்டுட்டானுகள்."

கோப்பை கிணுங்கிற்று. பத்துப்படத்தார் எழும்பினார். ஐம்பத்தைந்து வருஷம் செய்யாத பிழைக்குத் தன்னைத் திட்டிக்கொண்ட மனிதர், வேலையும் கல்யாணமும் போன மனிதர் இனி என்ன செய்யப்போகிறாரோ என்று நானும் எழும்பினேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அப்ப நீ பாத்தனி. ஏறினவளோ?"

நானாவின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது.

"மறந்து பெய்த்து மச்சான்."

"என்ன?"

"அந்த நேரம் பயம். பெட்டியத் தராட்டி என்ன செய்ற, துரைக்கு என்ன சொல்ற எண்டு மூள முழுக்க அதுதான். பாத்தது உண்ம. என்ன பாத்த எண்டு நெனவில்ல."

எங்களுக்குப் பின்னால் நின்ற மகள், ஏறினவள் எண்டு சொல்லுங்க என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். நானா அதைப் பார்த்துவிட்டு அவசரமாக, "ஏறினவள், ஏறினவள் மச்சான்" என்றார்.

"எந்தக் காலைத் தூக்கினவள்?"

"வலது கால்."

"இடது காலடா!" கட்டில் அதிர்ந்தது. "சாகப்போற நேரத்திலயும் பொய் சொல்லுறியோ? வேலை போனது போகட்டும். வேலை எல்லாரும்தான் செய்யினம். அந்தக் கடைசி ரீலை இந்த ஊரில பாத்தவன் நீ ஒருத்தன். ஒரேயொருத்தன்! அதையும் இன்ஜின் பாக்கிற மாதிரிப் பாத்திட்டு வந்திருக்கிறாய்!"

விடுவிடென்று வெளியே வந்து த்ரீவீலில் ஏறினார்.  நடுப்பாலத்தில், "தம்பி, த்ரீவீலைத் திருப்பச் சொல்லும்" என்றார். திரும்பிப் போனோம். வாசல்படியில் நின்றபடியே உள்ளே பார்த்துக் கத்தினார்:

"அடுத்த வெள்ளிக்கிழமை வருவன். முதல்ல இருந்து படத்தைச் சொல்லுவன். கால் தூக்கிற இடத்துக்கு வந்தவுடன நீ மிச்சத்தை எடுத்துத் தா. விளங்கிச்சுதோ? அதுவரைக்கும் செத்துப்போகாத!"

பதினொரு வெள்ளிக்கிழமை போனார். காலமை என் கடையில் பத்துக் கொப்பி, பின்னேரம் கிண்ணியா. சில நாள் நானும் கூடப் போவேன். முழுப் படத்தையும் சொல்லுவார். கோப்பை கழுவுகிற சத்தம், மேடையில் காற்றடிப்பது, ஏப்ரனை ஆணியில் கொழுவுவது எல்லாம் வரும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். இடது காலைத் தூக்கினாள் என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தால், நானா நித்திரை. "பாரும், அண்டைக்கும் இப்பிடித்தான் பாத்திருப்பான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டு எழும்புவார். மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. "உன்னை மன்னிக்கேலாது" என்பதுதான் ஒவ்வொரு வெள்ளியும் வாசலில் சொல்லிக்கொண்டு வருகிற சொல். போகும்போது கொண்டுபோகிற மாம்பழப் பையையும் ஒருநாளும் மறக்கவில்லை.

பதினோராவது வெள்ளி நானா நித்திரை கொள்ளவில்லை. கால் தூக்கிற இடம் வந்ததும் உதடு அசைந்தது.

"பொக மச்சான்."

பத்துப்படத்தார் காதை அவர் வாயடிக்குக் கொண்டுபோனார்.

"கோச்சிட பொக. வெள்ளையா வந்திச்சி. அவள மூடிட்டு."

"ஓம். பிறகு? புகை விலகினாப் பிறகு?"

நானா அவரைப் பார்த்துச் சிரித்தார். என்னவோ நன்றாகத் தெரிந்த மாதிரியான சிரிப்பு. அப்படியே கண்ணை மூடினார். செவ்வாய்க்கிழமை மௌத்தாகிவிட்டார்.

அடக்கத்துக்குப் போனோம். பத்துப்படத்தார் வெயிலில் ஒரு ஓரமாக நின்றார். நானா கிடந்த சந்தாக்கைத் தூக்கிக்கொண்டு சனம் கடந்து போனபோது என் காதருகில், "போறவனை மறிச்சு ஏறினவளோ எண்டு கேக்கேலாதே, தம்பி" என்றார். நான் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளி கொண்டுவந்த பட்டியலை நான் மெஷின் கண்ணாடியில் வைக்க முன் வாசித்தேன். இரண்டாமிடத்தில் 'கிணறு வெட்டினவை' இருந்தது. மூன்றாமிடத்துக்கு இறங்கின படத்துக்குப் பெயரும் மாறியிருந்தது: 'அலுமாரி செய்யிறவன்ர கலியாணம்.' முதலாமிடத்தில் வழக்கம்போலக் 'கோப்பைக்காரி.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில் புதிதாக ஒரு வரி: 'முடிவு ஹனீபாவுக்குத் தெரியும்.'

அதற்குப் பிறகு பட்டியல் மாறவேயில்லை. அதே தாள், அதே பத்துக் கொப்பி, ஒவ்வொரு வெள்ளியும். "என்ன அண்ணை, இந்தக் கிழமையும் மாத்தமில்லையோ?" என்று மீன் வெட்டுகிறவன் கேட்டான். "மறுத்துக் கதைக்க ஆள் இல்லை" என்றார். ஒட்டின பட்டியலை ஊர் திரும்பியும் பார்க்கவில்லை. மாறாத பட்டியலில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? போன வருஷம் மாரி தொடங்க முன் அவரும் போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டில் வைத்தே ஒருவன், "இனி அவள் காலைக் கீழ வைக்கலாம்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். முன்பென்றால் நானும் சிரித்திருப்பேன்.

போன மாதம் மெஷின் திருத்துகிறவன் வந்தான். ஒரு சாமான் மாற்றினால் கறுப்புக்கோடு போய்விடும் என்றான். வேண்டாம், இன்னொரு நாள் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கடைசிப் பட்டியலை எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். பத்துக் கொப்பி வந்தது, பத்திலும் கோடு. மீன் சந்தைச் சுவரில் ஒட்ட முன், 'முடிவு ஹனீபாவுக்குத் தெரியும்' என்ற வரிக்குக் கீழே பேனாவால் நான் ஒரேயொரு சொல் எழுதினேன்: 'பத்துப்படத்தாருக்கும்.'